சிவகாசி பட்டாசுத் தொழிலும் சட்டமும்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் இந்தியாவின் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி உற்பத்தியாகிறது. இத்தொழிலைச் சுற்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலமாக ஒரு சட்ட வரலாறும் வளர்ந்து வந்துள்ளது. வெடிபொருள் உரிமம், குழந்தைத் தொழிலாளர் தடை, விபத்து இழப்பீடு, சுற்றுச்சூழல் கட்டுப்பாடு ஆகிய நான்கும் அதன் முக்கியப் பகுதிகள். இந்தியச் சட்ட மாணவர்கள் படிக்கும் முக்கியத் தீர்ப்புகளில் சில சிவகாசியின் பெயரைத் தாங்கியுள்ளன.

இவ்வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. சட்டங்கள் பலவும் விபத்துகளுக்குப் பின்னரே கடுமையாயின. ஆனால் சட்டம் தரும் உரிமை தொழிலாளியின் குடும்பத்தைச் சென்றடைவது, அவர் அந்த ஆலையில் வேலை செய்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அமைந்து வந்துள்ளது. இவ்வட்டார வழக்கறிஞர்களின் பணியில் பெரும்பகுதி இந்தச் சான்றைத் தேடுவதிலேயே கழிகிறது.

தொழிலின் தொடக்கமும் உரிம முறையும்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். மழை குறைந்த, வறண்ட தட்பவெப்பமும் வேளாண்மை பொய்த்த ஊர்களில் கிடைத்த ஆள்பலமும் தீப்பெட்டித் தொழிலுக்கும், பின்னர் பட்டாசுத் தொழிலுக்கும் கைகொடுத்தன.

இங்கிலாந்தில் 1875-இல் வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் 1884-இல் இந்திய வெடிபொருள் சட்டம் வந்தது. வெடிபொருளைத் தயாரிக்க, வைத்திருக்க, விற்க, கொண்டு செல்ல உரிமம் தேவை என்பதே அதன் சாரம். அச்சட்டத்தின் கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் வகுக்கப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பவை 2008-ஆம் ஆண்டு விதிகள். இவற்றைச் செயல்படுத்தும் நடுவண் அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாகப் ‘பெசோ’, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

கையாளும் வெடிபொருளின் அளவைப் பொறுத்து உரிமம் வழங்கும் அதிகாரி மாறுவார். 15 கிலோ வரையிலான சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிருவாகமும், 500 கிலோ வரை சென்னையில் உள்ள பெசோ அலுவலகமும், அதற்கு மேல் நாக்பூர் தலைமை அலுவலகமும் உரிமம் வழங்கும். இதனால்தான் சிவகாசிப் பேச்சு வழக்கில் ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று ஆலைகளை வகை பிரிக்கின்றனர். ஓர் ஆலையில் விபத்து நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இதைத்தான். எந்த உரிமம், யார் பெயரில், எத்தனை அறைகளுக்கு, எந்த வகைப் பட்டாசுக்கு என்ற விவரங்களே வழக்கின் அடித்தளம்.

1992-இல் கந்தகத்தையும் குளோரேட் உப்புகளையும் கலப்பதற்கு நடுவண் அரசு தடை விதித்தது. உரசலாலும் அதிர்வாலும் எளிதில் தீப்பற்றும் கலவை அது. 1999-இல் பட்டாசின் ஒலிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது அவ்வரம்பு. 2005 சூலையில் உச்ச நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை எழுப்பும் பட்டாசுகளை வெடிக்கத் தடை விதித்தது.

மாவட்டமும் நீதிமன்றங்களும்

முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1985 மார்ச் 15 அன்று காமராசர் மாவட்டம் என்ற பெயரில் தனி மாவட்டமாயிற்று. 1997-இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் உள்ளிட்ட ஊர்களில் கீழமை நீதிமன்றங்கள் இயங்குகின்றன.

மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் 2004 வரை சென்னை உயர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு அது. நாள் கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு முறை சென்னை சென்று திரும்புவதென்றால் இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். 2004 சூலை 24 அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கப்பட்டதால் இத்தொலைவு பெரிதும் குறைந்தது.

குழந்தைத் தொழிலாளர் வழக்கு

தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் சிறுவர் சிறுமியர் பெருமளவில் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. அதிகாலையில் ஊர் ஊராக வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகளைப் பற்றி அக்கால இதழ்களில் செய்திகள் வந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்தல்) சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா, சிவகாசிக் குழந்தைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார்.

1990 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தீர்ப்பு இன்று படிப்போருக்கு வியப்பளிக்கலாம். உற்பத்தி நடக்கும் இடத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் உற்பத்தி இடத்திலிருந்து விலகிய பகுதியில் பொட்டலமிடும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தலாம் என்றது. பெரியவர்களுக்குரிய குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடு தர வேண்டும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு செய்ய வேண்டும் என்றும் கூறியது. குழந்தை உழைப்பை ஒழிப்பதாக இல்லாமல், அதை ஒழுங்குபடுத்துவதாகவே இத்தீர்ப்பு அமைந்தது.

அதன் பின் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த விபத்துச் செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணை மேற்கொண்டது. இழப்பீடு வழங்க ஆணையிட்டதோடு, நேரில் சென்று ஆராய்ந்து அறிக்கை தர ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி. துவா ஆகிய மூன்று வழக்கறிஞர்கள் கொண்ட குழுவை அனுப்பியது. அக்குழு 1991 நவம்பர் 11 அன்று அறிக்கை அளித்தது. கட்சிக்காரருக்காக வாதிடும் வழக்கறிஞர், நீதிமன்றத்தின் கண்ணாகவும் செயல்படலாம் என்பதற்கு இது முன்மாதிரி.

1996 திசம்பர் 10 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தைக்குப் பதிலாக அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்டோரை எந்தத் தொழிலிலும், 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான தொழில்களிலும் அமர்த்தக் கூடாது என்ற நிலை வந்தது.

முழுமைப் பொறுப்புக் கோட்பாடு

விபத்துக்கு முதலாளி எந்த அளவு பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தில்லியிலிருந்து வந்தது. 1985 திசம்பர் 4 அன்று தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அதன் தாக்கத்தால் தீஸ் அசாரி நீதிமன்றத்தில் பணியாற்றிய ஒரு வழக்கறிஞர் இறந்ததாக வழக்கில் கூறப்பட்டது. 1986 திசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்குக்கு முழுமையாகப் பொறுப்பாவர் எனத் தீர்ப்பளித்தது. கவனமாக இருந்தேன், பிழை என்னுடையதல்ல என்ற வாதங்கள் எடுபடா. தொழில் நிறுவனத்தின் அளவும் வசதியும் கூடக்கூட இழப்பீடும் கூட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

பட்டாசு ஆலை விபத்து வழக்குகளில் இக்கோட்பாடு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், பிழையை மெய்ப்பிக்காமலே உடனடி நிவாரணம் பெற வழி செய்தது. ஆனால் அச்சட்டம் ஆலைக்கு வெளியே உள்ள பொதுமக்களுக்கானது. தொழிலாளர்கள் அதில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்கு வேறு சட்டம் உண்டு என்பதே அதற்குக் காரணம்.

இழப்பீட்டுக் கணக்கு

அந்த வேறு சட்டம், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என அழைக்கப்பட்டது. பணியின்போதும் பணியின் காரணமாகவும் நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது இதன் அடிப்படை. முதலாளியின் தொழில் தொடர்பாக வெடிபொருள் தயாரிப்போர், கையாள்வோர் ஆகியோர் இதன் இரண்டாம் அட்டவணையில் தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளனர். அவர்களைப் பொறுத்தவரை இத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணிக்கை வரம்பும் இல்லை. இரண்டு பேர் வேலை பார்க்கும் சிறு கொட்டகைக்கும் இது பொருந்தும்.

இறப்பு நேர்ந்தால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ப அட்டவணையில் உள்ள காரணி எண்ணால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 வயதுக்குரிய காரணி 184.17. மாதக் கூலி 12,000 ரூபாய் என்று மெய்ப்பித்தால் இழப்பீடு 6,000 × 184.17 = 11,05,020 ரூபாய். அதே தொழிலாளிக்கு 8,000 ரூபாய் மட்டுமே மெய்ப்பிக்க முடிந்தால் 4,000 × 184.17 = 7,36,680 ரூபாய். வேறுபாடு 3,68,340 ரூபாய். கூலிப் பதிவேட்டில் ஒரு வரி குறைத்து எழுதப்பட்டதால் ஒரு குடும்பம் இழக்கும் தொகை அது. கணக்கில் எடுத்துக்கொள்ளும் கூலிக்கான உச்ச வரம்பு 2020 சனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இழப்பீடு ஒரு மாதத்துக்குள் வழங்கப்படாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. தக்க காரணமின்றித் தாமதித்தால் இழப்பீட்டில் பாதி வரை தண்டத் தொகையும் விதிக்கலாம். இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது இழப்பீடாகக் கருதப்படாது. ஆணையரிடம் செலுத்தி, அவர் வழியாகவே சார்ந்திருப்போருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது.

இவ்விதிகளை அறியாத குடும்பங்கள் பல. துக்க வீட்டில் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ளும் வழக்கம் ஊர்ப்புறங்களில் இருந்து வருகிறது. முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து அறிவிக்கப்படும் தொகையையே இழப்பீடு என்று எண்ணிவிடுவோரும் உண்டு. நிவாரணம் அரசு தரும் உதவி. இழப்பீடு முதலாளி தர வேண்டிய கடன். ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று இல்லாமல் போகாது.

தொழிலாளி ஈ.எஸ்.ஐ. எனப்படும் மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கியவராக இருந்தால் வழி மாறும். அப்போது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர முடியாது. அதற்கு ஈடாக, இறந்தவரின் சராசரி நாள் கூலியில் 90 விழுக்காடு என்ற அளவில் சார்ந்திருப்போருக்கு மாதந்தோறும் உதவித்தொகை பகிர்ந்தளிக்கப்படும். எந்த வாயிலில் நுழைவது என்பதை முதலிலேயே சரியாக முடிவு செய்யாவிட்டால், தவறான மன்றத்தில் ஆண்டுகள் வீணாகிவிடும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனு செய்யக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

பதிவேட்டில் இல்லாத பெயர்

கணக்கு எளிதாக இருந்தாலும் மெய்ப்பிப்பது எளிதன்று. பட்டாசு வேலையில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கூலி. இத்தனை குரோசு திரி, இத்தனை பெட்டி என்று கணக்கிட்டு வார இறுதியில் பணம் கொடுக்கப்படும். தீபாவளி நெருங்கும் மாதங்களில் உரிமத்தில் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள் வருவார்கள். கூடுதல் ஆட்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதினால் விதிமீறல் வெளிப்படும் என்பதால் அப்பெயர்கள் எழுதப்படாமல் போகும். விபத்து நேரும்போது பதிவேடும் தீயில் எரிந்திருக்கும், அல்லது எரிந்துவிட்டதாகச் சொல்லப்படும்.

இந்த நிலையில் வேலையுறவை மெய்ப்பிக்க வழக்கறிஞர்கள் நாடும் சான்றுகள் பல. முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வுச் சான்றிதழ், தீக்காய மருத்துவமனைப் பதிவு, ஆலை வேனில் உடன் சென்றவர்களின் சாட்சியம், வார முன்பணக் குறிப்பு, வங்கிக் கணக்கில் வந்த பணம் முதலியன. வெடிபொருள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி விபத்தை உரிமதாரர் உடனடியாக வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் காவல் நிலையத்துக்கும் அறிவிக்க வேண்டும். 9-ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும். அவ்விசாரணைக் கோப்பையும், மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழியாகக் கேட்டுப் பெறுவது வழக்கம்.

காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையில் இறந்தவர் பெயரும் ஆலையின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று அந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு பொருந்தாமல் மாதக்கணக்கில் அலைய நேரும்.

குத்தகை எனும் சிக்கல்

உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகளை வேறு பலருக்குப் பிரித்துக் குத்தகைக்கு விடும் பழக்கம் விபத்துகளுக்கு முக்கியக் காரணமாகத் தொடர்ந்து சுட்டிக்காட்டப்படுகிறது. குத்தகைதாரர் ஒவ்வொருவரும் தம் அறையில் இயன்ற அளவு உற்பத்தியைக் கூட்டப் பார்ப்பார். அறைக்குரிய ஆள் எண்ணிக்கை மீறப்படும். இடம் போதாமல் மரத்தடியிலும் திறந்த வெளியிலும் வேலை நடக்கும். ஒட்டுமொத்த ஆலையைக் கண்காணிப்பவர் யாரும் இருக்க மாட்டார்.

உள்குத்தகை விதிமீறல் என்பதால் அதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பதில்லை. விபத்துக்குப் பின் உரிமதாரர் குத்தகைதாரரைக் கைகாட்டுவார். குத்தகைதாரர் போர்மேனைக் கைகாட்டுவார். காப்பீட்டு நிறுவனம் உரிம நிபந்தனை மீறப்பட்டதைக் காரணம் காட்டலாம். தம் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாலும் முதன்மை முதலாளியே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்ற 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இங்கே தொழிலாளர் தரப்புக்குத் துணை நிற்கிறது.

குற்றவியல் பக்கத்தில் போர்மேனின் நிலை தனிச் சிக்கல். கூலி வாங்கும் அவரும் ஒரு தொழிலாளியே. ஆனால் முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் அவர் பெயரும் இடம்பெறும். 2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் இறப்பு விளைவித்தல் 106-ஆம் பிரிவிலும், வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாளுதல் 288-ஆம் பிரிவிலும் உள்ளன. முந்தைய சட்டத்தில் கவனக்குறைவால் விளையும் இறப்புக்கு இரண்டு ஆண்டுகளாக இருந்த உச்சத் தண்டனை இப்போது ஐந்து ஆண்டுகள்.

பெரும் விபத்துகளும் பசுமைத் தீர்ப்பாயமும்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து சுமார் 40 பேரின் உயிரைப் பறித்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்சங்குளம் விபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து அறிக்கை பெற்றது. இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கைவிட இது பெரிய தொகை. ஆனால் சட்ட வாதத்துக்கும் இடமுண்டு. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 17-ஆம் பிரிவில் ‘தொழிலாளர் நீங்கலாக’ என்ற சொற்கள் உள்ளன. 15-ஆம் பிரிவில் அச்சொற்கள் இல்லை. தொழிலாளருக்கு இத்தீர்ப்பாயம் எந்த அளவு நிவாரணம் வழங்கலாம் என்ற கேள்வி இவ்வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. யாரும் மனு செய்யாமலே தீர்ப்பாயம் வழக்கைக் கையில் எடுக்கலாமா என்ற மற்றொரு கேள்விக்கு, எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 7 அன்று மும்பை மாநகராட்சி தொடர்பான வழக்கில் விடையளித்தது.

விபத்துகள் ஓயவில்லை. 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்திலும், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டியிலும், 2025 சூலையில் சின்னக்காமன்பட்டியிலும் உயிர்கள் பறிபோயின.

பசுமைப் பட்டாசு வழக்கு

2015-இல் தில்லியில் மூன்று குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். தூய காற்றுக்கான உரிமையே அதன் மையம். ‘அர்ஜுன் கோபால் வழக்கு’ எனப்படும் இதில் 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூசண் அமர்வு தீர்ப்பு வழங்கியது. பசுமைப் பட்டாசுகளுக்கே அனுமதி, பேரியம் உப்புகளுக்குத் தடை, சரவெடிக்குத் தடை, இணையவழி விற்பனைக்குத் தடை, தீபாவளி இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்க அனுமதி என்பன அதன் முக்கியக் கூறுகள்.

பச்சை ஒளி தருவது முதல் பல பேன்சி ரகங்களுக்குப் பேரியம் நைட்ரேட்டே மூலப்பொருள். சரவெடியோ எண்ணற்ற பெண்களின் கைவேலை. தீர்ப்பை அடுத்து 2018 நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன. பல மாதங்கள் வேலை இல்லாமல் போயிற்று. நடுவண் அரசின் ‘நீரி’ ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கியது. 2021 அக்டோபர் 29 அன்று பேரியம் தடையை நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில் தடையைத் தளர்த்தக் கோரிய மனுக்களும் தள்ளுபடியாயின. 2025 அக்டோபரில் தில்லி வட்டாரத்தில் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி கிடைத்தது.

தில்லிக் குழந்தையின் மூச்சும் சிவகாசித் தாயின் கூலியும் ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றன. உற்பத்தியாளர் சங்கங்கள் மூத்த வழக்கறிஞர்களை அமர்த்தி வாதிட்டன. வேலை இழந்த தொழிலாளிக்கு இடைக்காலத்தில் என்ன கிடைக்க வேண்டும் என்ற கேள்வி இவ்வழக்கில் மையமாகவில்லை.

வழக்கறிஞர் நடைமுறையும் நெறிகளும்

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், முன்பிருந்த வக்கீல், பிளீடர் முதலிய பிரிவுகளை நீக்கி ‘அட்வகேட்’ என்ற ஒரே வகுப்பை உருவாக்கியது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் அவர்களின் நடத்தையை வரையறுக்கின்றன. பட்டாசு விபத்து வழக்குகளில் அவற்றுள் மூன்று அடிக்கடி சோதனைக்கு உள்ளாகின்றன.

முதலாவது கட்டணம். வழக்கில் வென்றால் கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்க இந்திய வழக்கறிஞருக்கு உரிமை இல்லை. இரண்டாவது, ஆள் பிடித்தல். விபத்து நடந்த வீட்டுக்கு இடைத்தரகரை அனுப்பி வழக்குப் பிடிப்பது விதிமீறல். மூன்றாவது, நலன் முரண். ஆலை உரிமையாளருக்கும் போர்மேனுக்கும் ஒரே வழக்கறிஞர் ஆஜரானால், ஒருவரைக் காக்க மற்றவர்மீது பழி சுமத்த நேரும். சிறிய ஊர்களில் வழக்கறிஞர்கள் சிலரே என்பதால் இம்முரண் எளிதில் எழக்கூடும்.

கட்சிக்காரரின் பணத்தைக் கையாளுவதில் வழக்கறிஞர் அறங்காவலர் போன்றவர். தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் முதிய கட்சிக்காரர்களை ஏமாற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978-இல் வழங்கிய தீர்ப்பு புகழ்பெற்றது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர், தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை அவர் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்து கழிக்க வகை செய்தார்.

அந்த இலவச சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமையாயிற்று. அதன் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், தொழிற்பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் இடம்பெறுகின்றனர். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆக, பட்டாசு விபத்தில் பாதிக்கப்படும் குடும்பம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வகையில் இதற்குள் வந்துவிடும். மாவட்ட, வட்டச் சட்டப் பணிகள் குழுக்களை நீதிமன்ற வளாகங்களில் அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உள்ளது.

ஸ்காட்லாந்து நடைமுறையோடு ஒப்பீடு

இவ்விரு கேள்விகளை, அதாவது விபத்து விசாரணையையும் வழக்கறிஞர் கட்டணத்தையும், ஸ்காட்லாந்து வேறு விதமாகக் கையாளுகிறது. அங்கு வேலையின்போது விபத்தில் ஒருவர் இறந்தால் நீதிபதி முன் வெளிப்படையான விசாரணை நடப்பது பொது விதி. 1895-இலேயே இதற்குச் சட்டம் இருந்தது. இப்போதுள்ளது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பத்தார் அவ்விசாரணையில் பங்கேற்றுக் கேள்வி கேட்கலாம். 2004 மே 11 அன்று கிளாஸ்கோவில் பிளாஸ்டிக் ஆலை வெடித்து 9 பேர் இறந்தபோது பொது விசாரணையே நடத்தப்பட்டது. கட்டணத்திலும், 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள சொலிசிட்டர்கள் இழப்பீட்டில் பங்கு பெற அனுமதித்தது. ஆனால் தனிநபர் காயவழக்குகளில் முதல் ஒரு இலட்சம் பவுண்டுக்கு 20 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. இந்தியாவில் பங்குக் கட்டணம் முற்றிலும் தடை. ஆனால் தடையை மீறி வாய்மொழியாகப் பேசப்படும் பங்குக்கு வரம்பு ஏதும் இல்லை.

புதிய தொகுப்புச் சட்டங்கள்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு மாநிலக் காப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கின. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் உரிய நிபந்தனைகளோடு இழப்பீட்டுக்குரியது என்று அத்தொகுப்பு கூறுகிறது. ஆலை வேன்களில் நெருக்கியடித்துச் செல்லும் தொழிலாளர்களுக்கு இது முக்கியமானது. முந்தைய நாள்களில் நேர்ந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், வழக்கறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு இரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பணியாற்ற வேண்டியிருக்கும்.

தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் உள்ள ஒரு கடமை சிவகாசிக்கு மிகவும் பொருந்துவது. ஒவ்வொரு பணியாளருக்கும் முதலாளி பணி நியமனக் கடிதம் வழங்க வேண்டும் என்பதே அது. தொழிலாளி அக்கடிதத்தின் ஒரு படியை வீட்டில் வைத்திருந்தால், ஆலையோடு பதிவேடு எரிந்தாலும் வேலையுறவுக்குச் சான்று அழியாது. ஒரு கைப்பேசிப் படமாக இருந்தாலும் போதும்.

1884 முதல் இன்று வரை சிவகாசிக்கு வந்த சட்டங்கள் குறைவல்ல. உரிமம் முதல் இழப்பீடு வரை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஆயினும் அவை அனைத்தும் ஒரு பெயரைத் தேடியே வேலை செய்கின்றன. அந்தப் பெயர் எந்தத் தாளிலும் இல்லாதபோது 11 இலட்சமும் 20 இலட்சமும் வெறும் எண்களாகிவிடுகின்றன. நியமனக் கடிதம் என்ற புதிய கடமை எண்ணிக்கைக் கூலிக்கு வரும் பெண்கள் வரை சென்று சேருமா என்பதே, இச்சட்ட வரலாற்றின் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கும்.